கோஹோ சால்மன் முட்டையிடாமலே சாகும் ஓடை: அருகில் வசிப்பவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

ஓடைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள சியாட்டில் நகரின் மேற்குப் பகுதியில், லாங்ஃபெலோ ஓடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஆறு ஆண்டுகளாக வசித்து வருகிறோம். சென்ற அக்டோபர் கடைசியில், பல வாரங்கள் மழையே இல்லாமல் இருந்துவிட்டு ஒரு நாள் இரவு நன்றாகப் பெய்தது. மறுநாள் காலை மகளை அழைத்துக்கொண்டு ஓடையோரப் பாதையில் நடந்தபோது, ஒன்றரை முழ நீளமுள்ள கோஹோ சால்மன் ஒன்று முழங்கால் ஆழம்கூட இல்லாத நீரில் வாயைத் திறந்து திறந்து மூடியபடி, துடுப்புகளை விறைப்பாக விரித்துக்கொண்டு, திசை தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. அரை மணி நேரத்துக்குள் மல்லாந்துவிட்டது. மீன் கணக்கெடுக்க வந்திருந்த தன்னார்வலர் ஒருவர் அதன் வயிற்றைக் கீறிப் பார்த்தார். முட்டைகள் அத்தனையும் உள்ளேயே இருந்தன. கடலில் ஒன்றரை ஆண்டு வளர்ந்து இவ்வளவு தொலைவு ஏறி வந்த மீன், முட்டையிட வேண்டிய இடத்தை அடைந்த பிறகு ஏன் இப்படிச் செத்தது என்று மகள் கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

எங்கள் குடியிருப்போர் குழுவுக்குச் சிறியதொரு நல்கை கிடைக்கும்போல் இருக்கிறது. அதைக் கொண்டு ஓடைக்குள் சரளைக்கல் கொட்டலாம், மரக்கட்டைகளைப் போடலாம், கரையில் நாட்டு மரங்களை நடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நீரைப் பார்த்தால் கண்ணாடிபோல் தெளிவாகத்தான் இருக்கிறது. நாங்கள் தொடங்க நினைக்கும் இடம் சரிதானா?

மீன்கணக்கு எழுதியது:

நீங்கள் பார்த்த அந்தக் காட்சியை நான் எட்டு இலையுதிர் காலங்களாகக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். வாய் பிளத்தல், துடுப்பு விறைத்தல், நிலை தடுமாறுதல், பிறகு சாவு, இந்த வரிசை மாறுவதே இல்லை. இதில் ஒரு கசப்பான முரண் உண்டு. 1990களின் இறுதியில், நீங்கள் இப்போது செய்ய நினைக்கும் அதே வேலைகளை, அதாவது சரளை, மரக்கட்டை, கரைமரம், சாலைக்கு அடியில் மீன் ஏறத் தடையாக இருந்த குழாய்களை மாற்றுதல் ஆகியவற்றை, இந்நகரத்து ஓடைகளில் பெரும் செலவில் செய்தார்கள். கோஹோக்களும் நம்பி ஏறி வந்தன. வந்த பிறகுதான், முதல் மழைக்குப் பின் அவை கூட்டமாகச் சாவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். 2002 முதல் 2009 வரை லாங்ஃபெலோவில் ஆண்டுதோறும் எடுத்த கணக்கில், ஏறி வந்த பெண் மீன்களில் 60 விழுக்காட்டுக்கு மேல், சில ஆண்டுகளில் அனைத்துமே, முட்டையிடும் முன் இறந்திருந்தன. ஒப்பிடுவதற்காகக் கணக்கெடுத்த, நகரத்துக்கு வெளியே காட்டுப் பகுதியில் ஓடும் ஓடை ஒன்றில் அந்த அளவு 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

ஆகவே, சரளைக்கல் இல்லாமல் அந்த மீன் சாகவில்லை. நோய்க்கிருமியா, வெப்பமா, உயிர்வளிக் குறைவா, பூச்சிக்கொல்லியா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளிக்கொண்டே போனார்கள். நெடுஞ்சாலையில் வடிந்த மழைநீரைப் பிடித்து வந்து, ஆரோக்கியமான கோஹோவை அதில் விட்டபோது ஒரு நாளுக்குள் செத்தது. ஆனால் அந்நீரில் இருக்கும் உலோகங்களையும் எண்ணெய்ப் பொருள்களையும் மட்டும் நல்ல நீரில் கலந்து வைத்தால் மீன் சாகவில்லை. சாலையில் அறியப்படாத வேறு ஏதோ ஒன்று இருக்கிறது என்ற இடத்திலேயே ஆய்வு பல ஆண்டுகள் நின்றது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வடமேற்கே பைப்பர்ஸ் ஓடையில் ஒவ்வொரு நவம்பரிலும் சம் என்ற வேறு வகைச் சால்மன்கள் ஏறி வந்து நன்றாக முட்டையிடுவதைப் பார்த்துவிட்டு, நகரத்து நீர் தூய்மையாகிவிட்டது என்று பலர் மகிழ்கிறார்கள். அதே அளவு சாலை நீரில் கோஹோ செத்து விழும்போது சம் சால்மனுக்கு ஒன்றும் ஆவதில்லை. எந்த மீனை வைத்து ஓடையை மதிப்பிடுகிறீர்கள் என்பதில் கவனம் தேவை.

ரப்பர்கலவை எழுதியது:

மேலே உள்ளவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். சென்னைக்கு அருகே ஒரு டயர் ஆலையில் பதினொரு ஆண்டுகள் ரப்பர் கலவைப் பிரிவில் வேலை செய்தவன் நான். 2020 டிசம்பரில், அந்த அறியப்படாத நஞ்சைக் கண்டுபிடித்த ஆய்வு வெளியானபோது, என் கையால் எத்தனையோ முறை எடைபோட்டுக் கொட்டிய பொருளின் பெயரை அதில் படித்துத் திகைத்தேன்.

டயர் ரப்பருக்குக் காற்றிலுள்ள ஓசோன் பகை. வெயிலில் வருடக்கணக்கில் நின்ற பழைய மிதிவண்டியின் டயரில் வெடிப்பு விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தடுக்க 6-பிபிடி என்ற பொருளைச் சேர்க்கிறோம். ஆலைப் பேச்சில் ஆன்டிஓசனன்ட் என்போம். 1960களிலிருந்து உலகெங்கும் ஏறத்தாழ எல்லா டயர்களிலும் இருக்கிறது. எடையில் பொதுவாக 0.4 முதல் 2 விழுக்காடு. அது ரப்பருக்குள் மெதுவாக ஊர்ந்து மேற்பரப்புக்கு வந்து, ஓசோன் ரப்பரைத் தொடும் முன் தானே அதனுடன் வினைபுரிந்து அழியும். டயரின் பக்கவாட்டில் பழுப்பு நிறம் படர்ந்திருந்தால், அது பெரும்பாலும் இந்தப் பொருள் மேலே வந்ததன் அடையாளம்தான். அப்படி வினைபுரிந்த பின் அது என்னவாக மாறுகிறது என்ற கேள்வியை எங்கள் ஆலையில் யாரும் கேட்டதில்லை. டயரில் வெடிப்பு விழவில்லை என்றால் எங்கள் வேலை முடிந்தது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டகோமா வளாகத்தினரும், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புயாலப் மையத்தினரும் அந்தக் கேள்விக்கு மறுமுனையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். டயர்த் துகளை ஊறவைத்த நீர் கோஹோவைக் கொல்வதைக் கண்டு, அந்நீரிலிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் மீனை விட்டுப் பார்த்தார்கள். கடைசியில் மிஞ்சிய நஞ்சில் 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் இருந்தன. டயரில் சேர்க்கப்படும் பொருள்களின் எந்தப் பட்டியலிலும் அப்படி ஒன்று இல்லை. 6-பிபிடியில் 18 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன். ஓசோன் இதில் இரண்டு ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு இரண்டு ஆக்சிஜனைக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று எண்ணிப் பார்த்த கணத்தில் முடிச்சு அவிழ்ந்தது. அதற்கு 6-பிபிடி-குயினோன் என்று பெயர்.

அதன் கொடுமை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. பின்னர் திருத்திக் கூறப்பட்ட அளவின்படி, லிட்டருக்கு 95 நானோகிராம் இருந்தால் கோஹோக்களில் பாதி இறக்கும். ஒலிம்பிக் நீச்சல் குளம் அளவு நீரில், அதாவது சுமார் 25 லட்சம் லிட்டரில், கால் கிராம் போதும். ஓடைக்கரை நண்பரே, கண்ணாடிபோல் தெளிந்த நீர் என்றீர்களே, இது கண்ணுக்குத் தெரியும் அழுக்கே அல்ல.

ஓடைக்கரை எழுதியது:

இரண்டு பதில்களுக்கும் நன்றி. அப்படியானால் அந்தப் பொருளை டயரில் சேர்க்காமல் விடுவதுதானே நேரான வழி? சாவு முதல் மழையோடு சேர்ந்து வருவதற்கும் காரணம் இதுதானா?

ரப்பர்கலவை எழுதியது:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இங்கே கோடைக்காலம் வறண்டது. அப்போது சாலையில் தேயும் டயர்த்தூள் அங்கேயே தங்கி ஓசோனில் முதிர்கிறது. அக்டோபரில் பெய்யும் மழை அதை மொத்தமாக வழித்துக்கொண்டு ஓடையில் சேர்க்கிறது. கோஹோ ஏறத் தொடங்கும் காலமும் அதுவே. மீனும் அந்த மழைக்காகத்தான் காத்திருக்கிறது. நம் ஊரில் கூரை நீரைத் தொட்டியில் சேர்ப்பவர்கள் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து பிடிப்பார்கள் அல்லவா? இங்கே அந்த முதல் மழை முழுவதும் மீனின் வாசலுக்குப் போகிறது.

பொருளை நீக்குவது எளிதன்று. மாற்றாக வரும் பொருள் சரியான வேகத்தில் மேற்பரப்புக்கு ஊர்ந்து வர வேண்டும். விரைந்து வந்தால் இரண்டு ஆண்டுகளில் தீர்ந்துவிடும், மெதுவாக வந்தால் ரப்பரைக் காக்காது. நெடுஞ்சாலையில் டயர் கிழிந்தால் மனித உயிர் போகும் என்று தொழில்துறை சொல்வது பொய்யில்லை. ஆனால் அதையே சொல்லிக்கொண்டு காலம் கடத்துவதும் நடக்கிறது. யூரோக், போர்ட் கேம்பிள் ஸ்கல்லாலம், புயாலப் ஆகிய மூன்று பழங்குடி அரசுகள் 2023 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் 6-பிபிடியைக் கட்டுப்படுத்தக் கோரி மனு அளித்தன. நவம்பரில் முகமை அதை ஏற்றது. கலிபோர்னியாவிலோ, 2023 அக்டோபர் 1 முதல், இப்பொருள் உள்ள டயர்களைச் செய்து விற்பவர்கள் மாற்றுப்பொருளைத் தேடி அறிக்கை தந்தாக வேண்டும். என் கருத்தில், ஊற்றுக்கண்ணை அடைக்காமல் கீழே வடிகட்டிக்கொண்டிருப்பது முடிவில்லாத வேலை.

வடிகால்பொறியாளர் எழுதியது:

ரப்பர்கலவை ஐயாவின் கடைசி வரியில் எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கே மாற்று டயர் வந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான டயர்கள் தேய்ந்து முடியப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை மீன் காத்திருக்காது. மேலும், கீழே வடிகட்டுவது வியக்கத்தக்க அளவுக்கு எளிதாக இருக்கிறது.

நஞ்சின் பெயர் தெரிவதற்கு முன்பே, 2015இல் வெளியான ஒரு சோதனையில் இது காட்டப்பட்டுவிட்டது. நெடுஞ்சாலை நீரை மூன்று பங்கு மணலும் இரண்டு பங்கு மட்கிய உரமும் கலந்த மண் வழியே இறங்கவிட்டு, வளர்ந்த கோஹோக்களை அடியில் வந்த நீரில் விட்டார்கள். வடிகட்டாத நீரில் விட்ட மீன்கள் ஒரு நாளுக்குள் அனைத்தும் இறந்தன. மண்ணில் இறங்கிய நீரில் ஒன்றும் சாகவில்லை. என்ன நஞ்சு என்று தெரியாமலே மண் அதைப் பிடித்துக்கொண்டது.

எனவே ஓடைக்கரை அவர்களே, உங்கள் நல்கையை ஓடைக்குள் போடாதீர்கள்; தெருவில் போடுங்கள். ஓடைக்குள் ஒரு கட்டையை வைப்பதற்கே மாநில மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டும் என்பதும், அனுமதியில்லாமல் கொட்டிய சரளை அடுத்த வெள்ளத்தில் கீழேயுள்ள குழாயை அடைக்கும் என்பதும் தனி.

எந்தத் தெரு என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். முதலில் உங்கள் வீட்டு முன்னாலுள்ள மழைநீர்க் கம்பித்தட்டு எங்கே வடிகிறது என்று நகரத்தின் வடிகால் வரைபடத்தில் பாருங்கள். சியாட்டிலின் சில பகுதிகளில் மழைநீரும் வீட்டுக் கழிவுநீரும் ஒரே குழாயில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகின்றன. சில பகுதிகளில் மழைநீர் எந்த வடிகட்டலும் இல்லாமல் நேரே ஓடைக்குப் போகிறது. ரெயின்வைஸ் என்ற மானியத் திட்டம் முதல் வகைப் பகுதிகளில், கனமழையில் கழிவுநீர் பொங்கி வழிவதைக் குறைப்பதற்காக உள்ளது. உங்கள் முகவரிக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கூரை நீருக்கு மழைத்தோட்டம் அமைப்பதை டயர் நஞ்சுக்கான மருந்து என்று எண்ண வேண்டாம். கூரையில் டயர் ஓடுவதில்லை. கூரைநீரைத் தோட்டத்தில் இறக்கினால் வெள்ளத்தின் வேகம் குறையும், அது தனி நன்மை. கோஹோவைக் காப்பாற்ற வேண்டுமானால், அதிக வண்டிகள் ஓடும் சாலையின் நீர், நடைபாதை விளிம்பில் விடப்பட்ட திறப்பு வழியே செடிகள் உள்ள பள்ளத்தில் விழுந்து மண்ணில் இறங்க வேண்டும். அதற்குச் சாலைத் துறையின் ஒப்புதல் தேவை. உங்கள் குழு தனியாகத் தோண்ட முடியாது. ஆனால் வடிவமைப்புச் செலவுக்கு நல்கையைக் கொடுத்து, மிகுதியை நகரத்திடம் கேட்கும் முறையில் பல குழுக்கள் வென்றிருக்கின்றன. முன்னுதாரணம் கேட்பார்கள், 2001இல் நகரின் வடமேற்கில் ஒரே ஒரு தெருவைக் குறுக்கி வளைத்து, இருபுறமும் செடிப்பள்ளம் அமைத்த ‘சீ ஸ்ட்ரீட்’ திட்டத்தைக் காட்டுங்கள். அத்தெருவிலிருந்து வடிந்துபோன மழைநீர் 98 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது.

மண்கலவையில் ஒரு நுணுக்கம் உண்டு. மட்கிய உரம் அதிகமான கலவை, தொடக்க ஆண்டுகளில் பாஸ்பரசையும் நைட்ரேட்டையும் தானே கசியவிடும். நீரைச் சுத்தம் செய்யப் போட்ட மண்ணே அதைக் கெடுத்த கதை உண்டு. அதனால் இப்போது மாநிலச் சூழலியல் துறையின் வழிகாட்டுதலில் 70 விழுக்காடு மணல், 20 விழுக்காடு தென்னை நார்த்துகள், 10 விழுக்காடு உயிர்க்கரி என்ற கலவையும் உள்ளது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காலத்தில் கழிவாகக் குவிந்து கிடந்த நார்த்துகளுக்கு சால்மன் ஓடையில் வேலை கிடைக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

பராமரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வடிவமைத்த செடிப்பள்ளம் ஒன்று, ஒரு நிறுவனத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு போய்ப் பார்த்தபோது, நீர் நுழையும் வாயில் இலையும் வண்டலும் அடைத்து, மழைநீர் முழுவதும் பள்ளத்தைத் தாண்டி நேரே வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது. செடிகள் பச்சையாக இருந்ததால் யாருக்கும் ஐயம் வரவில்லை. செப்டம்பரில், முதல் மழைக்கு முன், வாயில்களைச் சுரண்டிச் சுத்தம் செய்ய ஆள் குறித்து வைத்த பிறகு கட்டத் தொடங்குங்கள்.

நீரியல் எழுதியது:

எல்லாப் பழியையும் டயர்மேல் போட்டுவிட்டு மற்றதை மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 6-பிபிடி-குயினோன் கோஹோவுக்கு மிகக் கொடியது. ஆனால் 1999 முதல் அழியும் அபாயப் பட்டியலில் இருக்கும், சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியின் சினூக் வகைச் சால்மன் அதற்கு அவ்வளவு எளிதில் இறப்பதில்லை. சினூக்கை வாட்டுவது வேறு: கோடையில் சூடாகும் நீர், நிழலற்ற கரை, மீன் ஏற முடியாத குழாய்கள், கூரையும் தாரும் மூடிய நிலத்திலிருந்து ஒரே பாய்ச்சலாக வந்து முட்டைகளைச் சரளையோடு அடித்துப்போகும் வெள்ளம், சரளையின் இடுக்குகளை அடைத்து முட்டைகளை மூச்சுத்திணறச் செய்யும் நுண்வண்டல். சாலைக்கு அடியிலுள்ள குழாய்கள் மட்டுமே எவ்வளவு பெரிய வழக்கானது தெரியுமா? 1850களில் பழங்குடிகளோடு செய்த உடன்படிக்கைகள் தந்த மீன்பிடி உரிமையை அவை பறிப்பதாக நீதிமன்றம் கூறியது. மீன் ஏறும்படி அவற்றை மாற்ற மாநிலத்துக்கு 2013இல் இட்ட ஆணை, 2018இல் உச்ச நீதிமன்றத்தில் நான்குக்கு நான்கு என்று வாக்குகள் சமமானதால் நிலைத்தது.

ஓடைக்குள் செய்வது வீண் என்பதுபோல் மேலே ஒலிக்கிறது, அதை மறுக்கிறேன். நகரின் வடகிழக்கில் தார்ன்டன் ஓடையில், அடிக்கடி வெள்ளம் புகுந்த வீடுகளை வாங்கி அகற்றி, ஓடைக்குப் படர இடம் கொடுத்து, அடியில் ஆழமாகச் சரளை பரப்பி, 2014இல் பணியை முடித்தார்கள். நீர் மேலே மட்டும் ஓடாமல் சரளைக்குள் இறங்கி, மெதுவாகக் கீழே நகர்ந்து, குளிர்ந்து மீண்டும் மேலே வரும்படி கட்டியதுதான் அதன் சிறப்பு. அந்தப் பயணத்தில் நீரிலிருந்த பல வேதிப்பொருள்களின் அளவும் குறைந்தது. 2018இல் சினூக்குகள் அங்கே முட்டையிட்டன. லாரியில் வந்த சரளையை மேலே கொட்டுவது வேறு, இது வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கரைமரம் நடுவதை விடாதீர்கள். பத்து ஆண்டுகள் கழித்து ஆகஸ்டு நிழல் அதிலிருந்துதான் வரும்.

மீன்கணக்கு எழுதியது:

நீரியல் சொல்வது சரி. வீட்டளவில் செய்யக்கூடியவற்றை மட்டும் சுருக்கமாகச் சேர்க்கிறேன். வண்டியை வாசலில் கழுவினால் சோப்பும் பிரேக் தூளும் ஓடைக்கே போகும். கட்டணக் கழுவுமிடத்தின் நீர் கழிவுநீர்க் குழாய்க்குப் போகிறது. கூரைப் பாசியைக் கொல்லத் துத்தநாகப் பட்டை அடிப்பது இங்கே வழக்கம். துடைப்பத்தால் தள்ளிவிடுவதே போதும். பிரேக் தூளிலுள்ள செம்பு மீனைக் கொல்லாத அளவில் இருந்தாலும் அதன் மோப்பத்தை மழுங்கடிக்கிறது. எதிரி அருகில் வந்தாலும் குஞ்சு ஒளியாமல் நிற்கும். பிரேக்கில் செம்பைக் குறைக்க இம்மாநிலம் 2010இலேயே சட்டம் இயற்றியது. 2021இல் 5 விழுக்காடு, 2025இல் அரை விழுக்காடு என்று வரம்பு இறங்கியது. பிரேக் செய்பவர்களும் முதலில் முடியாது என்றுதான் சொன்னார்கள்.

ஓடைக்கரை எழுதியது:

வரைபடத்தைப் பார்த்துவிட்டேன். எங்கள் தெருவிலுள்ள மூன்று கம்பித்தட்டுகளில் இரண்டு நேரே ஓடையில் வடிகின்றன. பேருந்து போகும் பெருந்தெருவின் நீரும் அதே குழாயில்தான் சேர்கிறது. நேற்றைய கூட்டத்தில் சரளை யோசனையைக் கைவிட்டோம். சிலருக்கு வருத்தம்தான், ஓடையில் இறங்கி வேலை செய்வதில் உள்ள மகிழ்ச்சி, சாலைத் துறைக்கு விண்ணப்பம் எழுதுவதில் இல்லை. பெருந்தெரு முனையில் ஒரு செடிப்பள்ளத்துக்கான வடிவமைப்புக்கு நல்கையின் பெரும்பகுதியும், கரைமரங்களுக்கு மிச்சமும் என்று முடிவாகியிருக்கிறது. வாயில்களைச் சுத்தம் செய்யும் பொறுப்பை, கட்டுவதற்கு முன்பே, இரண்டு வீட்டார் ஏற்றுக்கொண்டார்கள்.

மீன்கணக்கு அவர்களே, அடுத்த அக்டோபரில் கணக்கெடுக்க ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள். மகளும் வருகிறேன் என்கிறாள். பன்னிரண்டு வயதுக்காரியை ஓடைக்குள் இறங்க விடுவீர்களா, அல்லது கரையிலிருந்து எண்ணச் சொல்வீர்களா?

மீன்கணக்கு எழுதியது:

கரையிலிருந்து எண்ணட்டும், குறிப்பேட்டை அவளிடமே கொடுத்துவிடுகிறேன். முழங்கால் வரை ரப்பர் காலணி வாங்கி வையுங்கள். மழை பெய்த மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொடங்குவோம்.